பாவு இல்லாத துணி

காசிக்குப் போகச் சொல்லி என் மனைவிக்கு உத்தரவு வந்தபோது அவளுக்கு இருபத்து நான்கு வயது. எங்கள் பக்கத்தில் காசிக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் பிள்ளைகளுக்குக் கல்யாணம் முடித்து, கடமைகளையெல்லாம் மூட்டை கட்டி வைத்துவிட்டுப் போகிறவர்கள். இவள் போக இருந்தது பட்டு நெசவில் பூவேலை கற்றுக்கொள்ள. ஆறு மாத அரசுப் பயிற்சி.

பொதட்டூர்பேட்டையில் அவள் பிறந்த வீட்டில் நான்கு தறிகள். நான்கிலும் லுங்கி. லுங்கியில் கட்டம் வரும், கோடு வரும், பூ வராது. துணியில் பூ வர வேண்டும் என்பது சின்ன வயதிலிருந்தே அவளுக்கு ஒரு பித்து. ஒருமுறை கட்டத்துக்கு நடுவே யாருக்கும் சொல்லாமல் நான்கைந்து இழைகளை மாற்றி, மல்லிகை மொட்டு போல ஏதோ ஒன்றை நெய்துவிட்டாள். அந்த லுங்கியை யாரும் வாங்கவில்லை. அவளுடைய அப்பா அதை மூன்று வருடம் கட்டித் தீர்த்தார். அவர் என் தாய்மாமன். அதனால் கல்யாணத்துக்கு முன்பும் பின்பும் எனக்கு அவர் மாமாதான், அவளுக்கு நைனா. நான் அவளுக்கு பாவா. அத்தை மகனை எங்கள் எல்லைப்புறத்தில் தெலுங்கு வழக்கப்படி அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

உத்தரவோடு ஒரு பட்டியல் இணைக்கப்பட்டிருந்தது. ஏழாவது இனம், கம்பளி மேலாடை ஒன்று. பயிற்சியில் சேரும் நாளில் அதைக் காட்ட வேண்டும். காட்டாதவர் சேர்த்துக்கொள்ளப்பட மாட்டார். பொங்கல் கழிந்து நான்காம் நாள் அவள் அங்கே இருக்க வேண்டும். நான் ஒரு அரசு அலுவலகத்தில் எழுத்தர். பட்டியலின் ஏழாவது இனத்தை முதல் இனத்துக்குச் சமமாக மதிக்கும் ஆட்கள் நாட்டில் மிகக் குறைவு. அவர்களில் நான் ஒருவன்.

நாங்கள் குடியிருந்த திருத்தணியில் கம்பளி தேடுவது ஒரு தனி அனுபவம். கடைவீதியில் துண்டு கிடைக்கும், காவடி எடுப்பவர்களுக்கு மஞ்சள் வேட்டி கிடைக்கும். ஸ்வெட்டர் என்று கேட்டதும் கடைக்காரர் குரலைத் தாழ்த்தி, "யாருக்குங்க ஒடம்பு சரியில்ல?" என்றார்.

ஒரு சனிக்கிழமை நான் மெட்ராசுக்கு ரயில் ஏறினேன். ரயிலடிக்கு எதிரே நடைபாதையில் வடக்கு மலைக்காரர்கள் ஸ்வெட்டர்களைக் குவித்து வைத்து விற்றுக்கொண்டிருந்தார்கள். ஒன்றை எடுத்து, மடித்து, பையில் வைத்துக்கொண்டு அடுத்த ரயிலில் திரும்பியிருக்கலாம். நான் அப்படிச் செய்யவில்லை. பக்கத்தில் பழைய புத்தகக் கடை ஒன்றில், ஒரு தடித்த காகித உறை கண்ணில் பட்டது. அதன் மேல் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம். முன்பக்கம் ஐந்து பொத்தான் வைத்த கார்டிகன் ஒன்றை அணிந்து, சிவப்பு இலைகள் உதிர்ந்து கிடக்கும் பாதையில், தன்னை யாரும் பார்க்கவில்லை என்பது போல நடந்து கொண்டிருந்தாள். உள்ளே வெட்ட வேண்டிய வடிவங்கள் அச்சிட்ட மெல்லிய தாள்களும், இருபத்து மூன்று படிகளாக எண் போட்ட செய்முறைத் தாள் ஒன்றும் இருந்தன. ஒரு உடுப்புக்கு எண் போட்ட செய்முறை உண்டு என்பதை நான் அதுவரை அறிந்திருக்கவில்லை. பிரிவு, உட்பிரிவு, குறிப்பு, குறிப்புக்கு விலக்கு எல்லாம் இருந்தன. அங்கேயே நின்று இரண்டு முறை படித்தேன். பிறகு, பின்னலாடை மிச்சம் விற்கும் கடையில் சாம்பல் கலந்த நீலத்தில் கம்பளிப் பின்னல் துணி வாங்கிக்கொண்டு வந்தேன். பனியன் துணி மாதிரியே, ஆனால் கம்பளி நூல்.

நடைபாதையில் தயாராகக் கிடந்ததை ஏன் வாங்கவில்லை என்று அன்றைக்கு யாராவது கேட்டிருந்தால், அளவு சரியாக இருக்காது என்று சொல்லியிருப்பேன். தைக்க நாள் பிடிக்கும் என்பதும் என் மனதில் ஒரு ஓரத்தில் இருந்தது. ஆறு மாதம் என்பது நூற்று எண்பத்து ஒன்றிலிருந்து நூற்று எண்பத்து நான்கு நாள் வரை. எந்த மாதத்தில் தொடங்குகிறோம் என்பதைப் பொறுத்தது.

அந்த மார்கழியை நினைத்தால் எல்லாமே பனிக்குள் நடந்தது போல இருக்கிறது. காலையில் எழுந்தால் மலை இருக்காது. மலை இருக்க வேண்டிய இடத்திலிருந்து ஒலிபெருக்கிப் பாட்டு மட்டும் வரும். கொஞ்சம் கொஞ்சமாக முதலில் கோபுரம் தோன்றும், பிறகு படிகள், கடைசியாகத்தான் மலை வந்து அவற்றுக்குக் கீழே நிற்கும். மேலிருந்து கீழாக ஒரு ஊரைக் கட்டுகிறார்களோ என்று தோன்றும். அவள் தலையில் துண்டைப் போர்த்திக்கொண்டு வாசலில் நின்று இதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். நான் அவளைப் பார்த்துக்கொண்டிருப்பேன். சிவப்பு இலை உதிர்ந்த பாதை ஒன்று எங்கள் வாசலிலிருந்து புறப்பட்டு வடக்கே போவதாக எனக்கு ஒரு நினைப்பு வரும். எங்கள் வாசலில் அப்போது இருந்தது முருங்கை.

செய்முறையை முழுவதும் தமிழில் எழுதினேன். ஓரம் விட்டு, படிக்கு ஒரு பத்தி. அவள் படித்துப் பார்த்துவிட்டு, "பாவா, இது துணி தைக்கறதுக்கா, நெலம் ரெஜிஸ்டர் பண்றதுக்கா?" என்றாள். அதற்கு மேல் படிக்கவில்லை. எனக்கு வருத்தம்தான். நான்காவது பத்தி நன்றாக அமைந்திருந்தது.

வெட்டும் நாளில் மாமா பஸ் பிடித்து வந்து சேர்ந்தார். மகள் காசிக்குப் போவதில் அவருக்குப் பெருமை. அதை வெளியே காட்டினால் குறைந்துவிடும் என்று நினைப்பவர். தரையில் துணியை விரித்தோம். தாள்கள் வெங்காயச் சருகு மாதிரி. மூச்சு விட்டாலே எழுந்து பறந்தன. மின்விசிறியை நிறுத்தி, தாள்களின் மேல் மாமா கொண்டு வந்திருந்த தறி நாடாக் கட்டையையும் அரிசிப் படியையும் டம்ளர்களையும் வைத்தோம். துணியின் ஓரங்கள் சுருண்டு சுருண்டு எழுந்தன.

மாமா துணியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். நகத்தால் நெருடினார். "இதுல பாவு எங்கடி? ஊடை எங்க?" என்றார். தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டும் நூல் பாவு; குறுக்கே நாடாவில் ஓடுவது ஊடை. அந்த இரண்டும் இல்லாத துணியை அவர் தொட்டது அதுதான் முதல் தடவை.

"இல்ல நைனா. ஒரே நூலு. தன்னையே கோத்துகினு போவுது."

"தன்னையே கோத்துகினா? எவனாவது ஒரு முனைய புடிச்சி இழுத்தான்னா?"

"மொத்தமும் போயிடும்."

"அடப்பாவி," என்றார் மாமா, துணியைச் செய்தவனை நினைத்து.

ஓரச் சுருளுக்கு அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். பாவுக்குக் கஞ்சி போடுவது போல இதற்கும் போடுவது. வடிகஞ்சியை நீர்க்கக் கரைத்து, துணியை முக்கி, நிழலில் உலர்த்தினாள். மறுநாள் துணி அப்பளம் மாதிரி தட்டையாகப் படுத்துக்கொண்டது. இருபத்து மூன்று படிகளில் எங்கும் கஞ்சியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நான் ஓரத்தில் குறித்து வைத்தேன்.

பிறகு தாள்களை வைக்க வேண்டும். ஒவ்வொரு தாளிலும் ஒரு அம்புக்குறி இருந்தது. உடம்புக்குக் குறுக்கே, ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போகும் அம்பு. அவள் துணியை இரண்டு திசையிலும் இழுத்துப் பார்த்தாள். ஒரு திசையில் நன்றாக நீண்டது. மறு திசையில் குறைவாக. பாவு நூல் இறுக்கமானது, குறைவாகக் கொடுக்கும். ஆகவே குறைவாக நீளும் திசைதான் இந்தத் துணிக்குப் பாவு என்று அப்பாவும் மகளும் முடிவு செய்தார்கள். லுங்கியில் பாவு இடுப்பைச் சுற்றி வரும், ஊடை இடுப்பிலிருந்து கணுக்காலுக்கு இறங்கும். புடவையிலும் அப்படியே. அவர்கள் நெய்ததும் உடுத்தியதும் எல்லாம் அப்படித்தான்.

"பாரு நைனா, அம்பு ஒடம்பச் சுத்தித்தான் போவுது."

"ஆங், வெள்ளக்காரனும் பாவத்தான் சுத்திக்கறான். அவனுக்கு மட்டும் வேற ஒடம்பா?"

அவள் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். "பாவா, அம்புக்கு இன்னா போட்டுகிது?"

என் கையில் நான்காவது பத்தி இருந்தது. 'துணி அதிகமாக நீளும் திசையில் அம்புக்குறி அமைய வேண்டும்' என்று என் கையெழுத்திலேயே இருந்தது. அவர்கள் வைத்திருந்தது நேர் எதிர்.

"துணியை எந்தத் திசையில வைக்கணும்னு காட்டுதாம்," என்றேன்.

அது பொய் இல்லை. கேட்ட கேள்விக்கு உரிய பதில்தான். எங்கள் அலுவலகத்தில் அப்படிப்பட்ட பதில்களை நான் எத்தனையோ கோப்புகளில் எழுதியிருக்கிறேன். வாங்கிக்கொண்டு போகிறவர் தெரு முனை வரை போன பிறகுதான் தனக்கு ஒன்றும் சொல்லப்படவில்லை என்று அவருக்குத் தெரியவரும். கத்தரி துணிக்குள் இறங்கிய சத்தம் இப்போதும் கேட்கிறது. கஞ்சித் துணி என்பதால் மொறுமொறுவென்று வெட்டுப்பட்டது. நான் ஏன் சும்மா இருந்தேன் என்று கேட்டால், சட்டை சரியாக வராவிட்டால் என்ன ஆகும் என்று ஒரு நிமிடம் யோசித்துப் பார்த்தேன். அந்த யோசனை இதமாக இருந்தது. அவ்வளவுதான். நிமிடத்துக்குள் அவள் முதுகுப் பக்கத்தை வெட்டி முடித்திருந்தாள்.

ஒரு வாரம் தைத்தாள். கல்யாணத்துக்கு வந்த கால் மிஷின் அது. மத்தியானங்களில் அதன் சத்தம் ஏறி இறங்கி, தூரத்தில் போகும் ரயிலோடு கலந்து, எது எது என்று தெரியாமல் போகும். எனக்குத் தூக்கம் சொக்கும். கஞ்சி விறைப்பில் கார்டிகன் பார்க்க நன்றாகவே இருந்தது. ஐந்து பொத்தானும் வைத்துவிட்டு, கஞ்சி போக வெந்நீரில் அலசி, கொடியில் தோளைப் பிடித்துத் தொங்கவிட்டாள்.

ஈரக் கம்பளியின் கனத்தில் அது நீளத் தொடங்கியது. காலையில் இடுப்பளவு, மத்தியானம் தொடை, சாயங்காலம் முழங்கால். பார்த்துக்கொண்டிருக்கும்போது நீளவில்லை. உள்ளே போய் வந்தால் நீண்டிருந்தது.

அன்றைக்கும் பஸ் பிடித்து வந்திருந்த மாமா கொடிக்குக் கீழே நின்று நிமிர்ந்து பார்த்தார். "இன்னாம்மா இது, காசியில இருந்துகினே இங்க தொட்டுப் பாக்கறதுக்கா?"

அவள் சிரித்தாள். காய்ந்த பிறகு போட்டுப் பார்த்தாள். சிரிப்பு போய்விட்டது. முழங்கால் வரை தொங்கியது, முன்பக்கம் நான்கு விரல் அகலத்துக்கு மூடவில்லை. இழுத்துப் பார்த்தாள். குறுக்கே அது கொடுக்கவே இல்லை.

"போனா போவுது, மெட்ராஸ்ல ரெடிமேடா விக்குதாமே. மாப்ளைய அனுப்பி ஒண்ணு வாங்கியாரச் சொல்லு," என்றார் மாமா.

"வேணாம் நைனா."

"இன்னா வேணாம்?"

"நான் போவல." கார்டிகனைக் கழற்றி மடித்தாள். மடிப்பு நிற்காமல் சரிந்தது. "நாலு தறி வீட்ல பொறந்துட்டு, ஒரு துணியக் கையில எடுத்தா எது எப்படிப் போவும்னு எனக்குத் தெரியல. நீயும் பாத்த, நானும் பாத்தேன். ரெண்டு பேருக்கும் தெரியல. அங்க இந்தியா பூரா இருந்து வருவாங்க. நான் போயி இன்னா கத்துக்கப் போறேன்? லுங்கிதான் நமக்கு."

மாமா சரிந்த மடிப்பை நகத்தால் நெருடினார். மகள் சொன்னதில் அவரும் அடங்கியிருந்தார்.

அவள் என் பக்கம் திரும்பினாள். "பாவா, நீங்க நல்லா எழுதுவீங்களே. வர முடியலன்னு ஒரு லெட்டர் எழுதிக் குடுங்க. கையெழுத்து போட்டுர்றேன்."

நான் மேசையில் உட்கார்ந்து பேனாவைத் திறந்தேன். நான் நினைத்தது நடந்துகொண்டிருந்தது, நினைத்ததைவிட முழுமையாகவே. பெறுநர், பொருள், பார்வை எழுதினேன். 'பார்வையில் காணும் தங்கள் உத்தரவின்படி' என்று தொடங்கி, 'தவிர்க்க இயலாத காரணங்களால்' என்பது வரை கை தானாகவே போயிற்று. அந்தச் சொற்களை நான் ஆயிரம் முறை எழுதியிருப்பேன். தவிர்க்க இயலாத காரணம் மேசைக்கு முன்னால் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு எழுதுவதை அதற்கு முன் கவனித்ததில்லை. அவள் சன்னல் பக்கம் நின்று தன் இரண்டு உள்ளங்கைகளையும் பார்த்துக்கொண்டிருந்தாள். வேறு யாருடைய கைகளையோ பார்ப்பது போல.

"தப்பு உன் மேல இல்ல," என்றேன். "அம்பு பாவைக் காட்டல. எந்தப் பக்கம் அதிகமா நீளுதோ, அதைக் காட்டுது. அதுல எழுதியிருக்கு."

"எப்போ பாத்தீங்க?"

"முன்னாடியே."

"எதுக்கு முன்னாடி?"

"வெட்டறதுக்கு."

மாமா மெதுவாக எழுந்து செருப்பைத் தேடினார். பிறகு மனம் மாறி உட்கார்ந்துகொண்டார்.

"நான் கேட்டேனே," என்றாள். "அம்புக்கு இன்னா போட்டுகிதுன்னு கேட்டேனே."

"திசைன்னு சொன்னேன்."

"ஓ."

"மாப்ள," என்றார் மாமா, "உங்க ஆபீஸ்லயும் ஜனங்களுக்கு இப்படித்தான் அரையும் கொறையுமா பதில் சொல்லிகினு இருக்கறியா?"

"பெரும்பாலும்," என்றேன்.

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. அலமாரியிலிருந்து என் தமிழ்த் தாளை எடுத்து வந்து என் முன்னால் வைத்தாள். "இப்ப முழுசா படிங்க." நான்காவது பத்தியைப் படித்தேன். "இன்னொரு தபா." மீண்டும் படித்தேன். அவள் கார்டிகனைக் கையில் எடுத்து, மேலும் கீழும் இழுத்தாள், குறுக்கே இழுத்தாள். ஒரு இழையைப் பிடித்து அதன் கண்ணிகளை வரிசையாக விரலால் தொட்டுக்கொண்டே போனாள். முகம் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தது. எங்கிருந்து என்று கேட்காதீர்கள். காலையில் மலை வருவது போல வந்தது என்றுதான் சொல்ல முடியும்.

"பாவே இல்லாத துணியில பாவத் தேடிகினு இருந்தோம் நைனா," என்றாள். பிறகு என்னிடம், "மிஷின்ல ஒக்காருங்க."

"நானா?"

"நீங்கதான்."

அந்த 'ங்க'வில் மரியாதை இருந்தது. வேறு எதுவும் இல்லை.

கீழே தொங்கிய மிச்சத்தைச் சுற்றிலும் ஒரு சாண் உயரத்துக்கு வெட்டி எடுத்தாள். அந்தப் பட்டையை வேண்டிய அகலத்துக்கு நறுக்கி, விலாத் தையலில் நெட்டாக வைத்தால், இதுவரை கீழ்நோக்கி நீண்டது இப்போது உடம்பைச் சுற்றி நீளும். முதுகுப் பக்கத்து மிச்சம் ஒரு விலாவுக்குச் சரியாக இருந்தது. முன்பக்க மிச்சங்கள் இரண்டையும் நடுவில் ஒட்டுப் போட்டால் இன்னொரு விலா. தோள் மீண்டும் இறங்காமல் இருக்க, லுங்கிக் கரையிலிருந்து கிழித்த துணி நாடாவை உள்ளே வைத்துத் தைக்க வேண்டும். இதெல்லாம் எந்தப் படியிலும் இல்லை. அவள் சொல்லச் சொல்ல நான் தைத்தேன். நான்கு நாள், அலுவலகம் விட்டு வந்ததும், விளக்கு வைக்கும் வரை. பெடலை முன்னும் பின்னும் மிதிப்பது எனக்குச் சுலபமாக வரவில்லை. மிஷின் அடிக்கடி பின்னால் ஓடி நூலை அறுத்தது. பின்னல் துணியை ஊசிக்கு அடியில் தள்ளினால் அலை அலையாகிவிடும்.

"இழுக்காதீங்க," என்பாள் பின்னாலிருந்து. "தள்ளவும் வேணாம். அதுவா போவட்டும். கைய மட்டும் மேல வச்சிகினு இருங்க."

இவ்வளவுதான் அந்த நான்கு நாளில் என்னோடு பேசியது. மூன்றாம் நாள் துணி என் விரலுக்கு அடியில் தானாக நகர ஆரம்பித்தது. அது போவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம் போல இருந்தது. போக விடுவதில் இவ்வளவு வேலை இருக்கும் என்று நினைக்கவில்லை.

கார்டிகனின் கைப்பகுதி இறுக்கமாகவே இருந்தது. அதை அப்படியே விட்டுவிட்டோம். பொத்தான் ஐந்தும் மூடின. இடது விலாவில் ஒட்டு தெரிந்தது. என் தையல் அந்த இடத்தில் கொஞ்சம் குடித்தவன் நடை. அவள் அதைப் பிரித்துத் திரும்பத் தைப்பாள் என்று காத்திருந்தேன். பிரிக்கவில்லை.

பாதியில் நின்ற கடிதத்தை நானே கிழித்தேன். எந்தப் பதிவேட்டிலும் அதற்கு எண் இல்லை.

பொங்கல் முடிந்த மறுநாள் மெட்ராசிலிருந்து ரயில். பயிற்சிக்குப் போகும் வேறு இரண்டு பெண்கள் அதே பெட்டியில் இருந்தார்கள். டிரங்குப் பெட்டியில் இடமில்லாததால் கார்டிகனைப் போட்டுக்கொண்டே வந்திருந்தாள். மத்தியான வெயில், நெற்றியெல்லாம் வியர்வை. கூட வந்த மாமா, "கழட்டிக் கையில வச்சிக்கயேம்மா, அவிஞ்சி போயிடுவ," என்றார். கழற்றவில்லை. நடைமேடையில் எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அவள் யாரும் பார்க்கவில்லை என்பது போல உட்கார்ந்திருந்தாள்.

சன்னல் கம்பி வழியாக என்னைப் பார்த்து, "ஆறு மாசம் கழிச்சி நான் வரலன்னா இன்னா பண்ணுவீங்க?" என்றாள்.

"முதல்ல ஒரு நினைவூட்டு அனுப்புவேன். பதினைந்து நாள் பொறுத்து ரெண்டாவது."

"அப்பறம்?"

"அப்புறம் நேரில் விசாரணை."

வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். ஒரு வாரத்துக்குப் பிறகு எனக்குக் கிடைத்த முதல் சிரிப்பு. ரயில் கிளம்பியது. அது எப்போது நகரத் தொடங்கியது என்று நான் கவனிக்கவில்லை. கவனித்தபோது பெட்டி கொஞ்சம் தள்ளி இருந்தது.

மாமா மெட்ராசில் ஒரு நூல் கடைக்குப் போய்விட்டார். நான் தனியாகத் திருத்தணிக்கு ரயில் ஏறி, அரக்கோணம் வரை விழித்திருந்தேன். கண் திறந்தபோது வண்டி நின்றிருந்தது. பெயர்ப் பலகையில் தெலுங்கு. திருத்தணியைத் தூக்கத்தில் விட்டுவிட்டு, ஆந்திர எல்லை தாண்டி, புத்தூருக்கு வந்து சேர்ந்திருந்தேன். சீட்டுப் பரிசோதகர் ஏதோ கேட்க வாய் திறக்கும் முன்பே, நான் எந்த ஊருக்குச் சீட்டு எடுத்தவன், எங்கே இறங்கியிருக்கிறேன், என்னை என்ன செய்யலாம் என்பதையெல்லாம் நானே வரிசையாகச் சொன்னேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "போயி அந்த பெஞ்சுல ஒக்காருங்க சார்," என்றார்.

எதிர்ப்பக்க வண்டி வர நேரம் இருந்தது. சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது. நடைமேடையில் நாய் ஒன்றும் நானும். அவளுடைய ரயில் இந்நேரம் எங்கே போய்க்கொண்டிருக்கும் என்று நினைத்தேன். கால அட்டவணை எனக்கு மனப்பாடம். கூடூர் தாண்டியிருக்கும். நெல்லூரில் விளக்கு போட்டிருப்பார்கள். பிறகு ஓங்கோல், தெனாலி, விஜயவாடா. அங்கே இட்லி கிடைக்கும். அதற்கு அப்பால் வாரங்கல். அதற்கும் அப்பால் இரண்டு ஊர் வரை சொல்லிப் பார்த்தேன். அதற்கு வடக்கே எந்தப் பெயரும் வரவில்லை. ரயில் மட்டும் போய்க்கொண்டிருந்தது.